மாற்றியாச்சு, சரி. ஒப்பிட்டுப் பார்த்தாச்சா?

கொஞ்சம் நீளமான பதிவு. கணினி விடயம் என்று தட்டிவிட்டுப் போக வேண்டாம். பாடசாலைச் சேர்வு இடாப்பிலும் பள்ளிவாசல் பதிவேட்டிலும் தன் பெயர் இருக்கிற எல்லோருக்கும் இதில் பங்குண்டு.

எங்கள் பகுதி ஆசிரியர்கள் சிலர் பாடக்குறிப்பு, மாதிரி வினாத்தாள், புள்ளி வழங்கும் திட்டம் எல்லாவற்றையும் பல வருடமாக ஒரே இடத்தில் சேர்த்து வைத்து வருகிறோம். சப்வெர்ஷன் என்ற மென்பொருளில். பழைய மாணவர் ஒருவர் கணினிக்கூடத்து மூலையில் ஒரு பெட்டியில் அதை நிறுவித் தந்தார். அது வெறும் சேமிப்பு அலுமாரி அல்ல. யார், எந்தத் திகதியில், எந்தக் கோப்பில், எந்த வரியை மாற்றினார் என்பதையும், மாற்றியவர் எழுதிவைத்த காரணத்தையும் அது நினைவில் வைத்திருக்கும். பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை என்பார்கள். நாங்கள் பாடசாலையில் சம்பவத்திரட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோமே, அதுமாதிரி. நேற்று எழுதியதைக் கிழிக்க முடியாது, இன்றைக்கானதைக் கீழே எழுதத்தான் முடியும்.

அந்தப் பெட்டி மூச்சு வாங்கத் தொடங்கியதால் எல்லாவற்றையும் கிட் என்ற இன்னொரு முறைமைக்கு மாற்றினோம். இளம் ஆசிரியர் ஒருவர் ஒரு வார இறுதியில் முடித்துத் தந்தார், அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும். பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. கோப்புகள் திறந்தன. உடனேயே கேள்வியும் வந்தது: "அப்ப அந்தப் பழைய பெட்டியத் தூக்கலாம்தானே சேர்? மேசை தேவப்படுது."

வேண்டாம் என்றோம். அதனால் சிலர் முகம் சுளித்தார்கள். ஏன் வேண்டாம் என்பதை அங்கேயே நின்று விளக்க நேரமிருக்கவில்லை, ஆகவே இங்கே.

"பிழைச் செய்தி வரவில்லை" என்றால் என்ன அர்த்தம்? மாற்றும் கருவி தனக்குச் சொல்லப்பட்ட வேலையைச் செய்து முடித்தது என்று மட்டுந்தான் அர்த்தம். நாங்கள் நினைத்த வேலையைச் செய்ததா என்பது அதற்குத் தெரியாது. இரண்டு முறைமைகளும் உலகத்தை ஒரே விதமாகப் பார்ப்பதில்லை என்பதுதான் இங்கே சிக்கல். ஒரு கடையின் கணக்குக் கொப்பியை, வேறு விதமாகக் கோடு போட்ட இன்னொரு கொப்பிக்கு எழுதி மாற்றுகிற மாதிரி. சில நிரல்களுக்குப் புதிய கொப்பியில் இடமே இருக்காது.

உதாரணம் சொல்கிறோம். சப்வெர்ஷன் வெறும் கோப்புறையையும் ஒரு பொருளாக நினைவில் வைத்திருக்கும். கிட் அப்படியல்ல, உள்ளே கோப்பு இல்லாத கோப்புறை அதற்கு இல்லாத ஒன்று. சப்வெர்ஷனில் மாற்றம் செய்தவர் வெறும் பயனர் பெயராக இருப்பார். கிட் முழுப் பெயரும் மின்னஞ்சலும் கேட்கும், ஆகவே எந்தப் பயனர் பெயர் எந்த மனிதர் என்று யாராவது ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். சப்வெர்ஷனில் "இரண்டாம் தவணை இறுதி" என்று ஒரு முத்திரை குத்தினால் அது உண்மையில் ஒரு கோப்புறையின் நகல்தான், பிறகும் யாரும் போய் அதற்குள் கைவைக்கலாம். கிட்டில் முத்திரை என்பது ஒரு குறித்த நிலையைச் சுட்டுகிற விரல் மட்டும். ஆக, பழையதில் முத்திரைக்குப் பிறகு நடந்த திருத்தத்தைப் புதியதில் எங்கே வைப்பது? கருவிக்குக் கருவி இதற்கு வேறு வேறு பதில் சொல்லும்.

சப்வெர்ஷனுக்கும் முந்திய சி.வி.எஸ். இன்னும் மோசம். ஒருவர் ஒரே தடவையில் பத்துக் கோப்பை மாற்றினாலும் அது பத்தையும் தனித்தனியாகத்தான் எழுதிவைக்கும். அதிலிருந்து மாற்றும் கருவிகள், ஒரே ஆள், ஒரே குறிப்பு, கிட்டத்தட்ட ஒரே நேரம் என்று பார்த்து "இவையெல்லாம் ஒன்றாக நடந்திருக்கும்" என்று ஊகித்துச் சேர்க்கின்றன. நல்ல ஊகந்தான். ஆனாலும் ஊகம்.

இது எங்களைப் போன்ற சின்ன இடங்களின் கதை மட்டுமல்ல. ஜி.சி.சி. என்ற மென்பொருளைப் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்டது. நிரல்மொழியில் எழுதுவதைக் கணினிக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றுவது அதன் வேலை. லினக்ஸ் உலகத்தின் பெரும் பகுதி அதன் மேல்தான் நிற்கிறது. அவர்கள் சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு மாறியது 2020 ஜனவரியில். 2,80,000க்கு மேற்பட்ட மாற்றப் பதிவுகள். கிட் பிறந்தது 2005இல், ஆகவே அவசரப்பட்டு மாறினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் செய்த வேலைகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஒரே வரலாற்றை இரண்டு வெவ்வேறு கருவிகளால், வெவ்வேறு ஆட்கள் மாற்றினார்கள். பிறகு இரண்டு விளைவுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். வித்தியாசம் வந்த இடங்களில்தான் பிழைகள் ஒளிந்திருந்தன. உலகத்தின் மிகச் சிறந்த நிரலாளர்களே தங்கள் கருவியின் "சரி" என்ற வார்த்தையை நம்பவில்லை. நாங்கள் நம்பலாமா?

கே.டி.ஈ. என்ற இன்னொரு திறந்தமூலக் குழுவுக்கு 2013 மார்ச்சில் நடந்தது இதைவிடப் பயங்கரம். சுமார் 1,500 களஞ்சியங்கள் வைத்திருந்தார்கள், பல நாடுகளில் நகல் சேவையகங்களும் இருந்தன. மூலச் சேவையகத்தில் கோப்பு முறைமை பழுதானது. நகல்கள் அதைப் பார்த்தே தங்களைப் புதுப்பித்துக்கொண்டதால், பழுதான பட்டியலை நம்பித் தங்களிடமிருந்த நல்ல பிரதிகளையும் அழித்துக்கொண்டன. அதிர்ஷ்டவசமாகத் தப்பிய ஒரே ஒரு சேவையகத்திலிருந்து மீட்டார்கள். நகல் பல இருந்தும் எதையும் எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு இருக்கவில்லை. "எங்கட டேட்டா மூணு இடத்துல இருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மைஸ்பேஸ் கதை தெரிந்திருக்கும். 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றிய பாட்டுகள் சேவையகம் மாற்றும்போது போய்விட்டன என்று 2019இல் சொன்னார்கள். 5 கோடிக்கு மேற்பட்ட பாட்டுகள் என்று செய்திகளில் வந்தது. போனது போனதுதான்.

இந்த இடத்தில் எங்கள் சொந்த வீட்டுச் சொத்து ஒன்றை நினைவூட்டுவது பொருத்தம் என்று நினைக்கிறோம். ஹதீஸ் கலையில் முகாபலா என்று ஒரு வேலை உண்டு. ஆசிரியரின் ஏட்டிலிருந்து பிரதி எழுதிய மாணவர், எழுதி முடித்ததோடு எழும்பிப் போக முடியாது. தன் பிரதியை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள் தன் மகன் ஹிஷாமிடம் எழுதிவிட்டாயா என்று கேட்டார்கள். ஆம் என்றார் மகன். ஒப்பிட்டாயா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அப்படியானால் நீ எழுதவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதை இப்னுஸ் ஸலாஹ் போன்ற இமாம்கள் ஹதீஸ் கலை நூல்களில் பதிந்திருக்கிறார்கள். ஹதீஸ் ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு வெற்று வட்டம் போட்டு, ஒப்பிட்டு முடித்த பிறகு அந்த வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைக்கும் முறையை கதீப் அல்-பக்தாதி (ரஹ்) விரும்பியிருக்கிறார்கள். வட்டம் காலியாக இருந்தால் பார்க்கிற யாருக்கும் தெரியும், இந்த இடம் இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்று. கிட்டத்தட்ட ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஏற்பாடு. நாங்கள் இப்போது எக்செல் தாளில் "சரிபார்த்தது" என்று ஒரு நிரல் போட்டு அதில் சரி அடையாளம் இடுகிறோம். அதே வட்டம், அதே புள்ளி.

சரி, எங்கள் வேலைக்கு வருவோம்.

முதலில் பழைய பெட்டியில் யாரும் எதுவும் எழுத முடியாதபடி பூட்டினோம். வாசிக்கலாம், மாற்ற முடியாது. ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மூலம் மாறினால் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. புதியதிலும் யாரையும் வேலை தொடங்க விடவில்லை. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கிட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்தையும் அதற்கு முந்திய பதிவையும் வைத்துக் கணக்கிட்ட ஓர் அடையாள எண் இருக்கும். பழைய பதிவொன்றில் ஒரு பெயரைத் திருத்தினால்கூட அதற்குப் பின்னால் வரும் எல்லாப் பதிவுகளின் எண்களும் மாறிவிடும். ஆட்கள் வேலை தொடங்கிய பிறகு திருத்துவது என்றால் எல்லோருடைய பிரதியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். ஆகவே சரிபார்ப்பதற்கான காலம் மாற்றிய பிறகும் திறந்துவிடுவதற்கு முன்பும் உள்ள அந்தச் சின்ன இடைவெளிதான். அதை விட்டால் பிறகு பெரும் பாடு.

கிட்டிலேயே ஒரு சோதனைக் கட்டளை இருக்கிறது, அதை ஓட்டினால் எல்லாம் நலம் என்று சொல்லும். சிலர் அதோடு திருப்திப்பட்டுவிடுகிறார்கள். அது பார்ப்பது, கிட்டுக்குள் வந்த பிறகு எதுவும் சிதைந்ததா என்பதை மட்டும். பிழையான கோப்பு உள்ளே வந்திருந்தால், அந்தப் பிழையான கோப்பு பழுதில்லாமல் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லும்! உண்மையில் சிரிப்பான விடயம்.

பதிவுகளின் எண்ணிக்கையைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. பழையதில் வெறும் கோப்புறை மட்டும் உருவாக்கிய பதிவுகள் புதியதில் காணாமல் போகலாம், அது குறையல்ல. எண்ணிக்கை சரியாக ஒத்துப்போனாலும் உள்ளே இருப்பது சரி என்பதற்கு அது சான்றுமல்ல. வகுப்பில் 40 பிள்ளைகள் என்று இடாப்பும் சொல்கிறது, தலையை எண்ணினாலும் 40. ஆனால் அதில் இரண்டு பேர் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளாக இருந்த நாளும் உண்டு.

நாங்கள் செய்தது, இரண்டு முறைமையிலிருந்தும் புதிதாக ஒவ்வொரு பிரதி எடுத்து, ஒரே கணினியில் வைத்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் கணக்கிட்டு ஒப்பிட்டது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி, ஒரு எழுத்து மாறினாலும் வேறு எண் வரும். கடைசி நிலையை மட்டுமல்ல, ஒவ்வொரு தவணை இறுதி முத்திரையையும் இப்படி ஒப்பிட்டோம். செய்தவர் மாற்றிய தம்பி அல்ல, வேறு இருவர். அந்தத் தம்பி மீது சந்தேகமா என்று கேட்டார்கள். சந்தேகமே இல்லை. கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்தது: விடைத்தாளில் புள்ளியைக் கூட்டியவரே கூட்டலைச் சரிபார்த்தால் அதே இடத்தில் அதே மாதிரித்தான் கூட்டுவார். மனித மூளை அப்படி.

வித்தியாசங்கள் வந்தன. பெரும்பாலானவை பாதகமில்லாதவை. விண்டோசும் லினக்சும் வரி முடிவை வெவ்வேறு விதமாகக் குறிக்கின்றன, கிட் விண்டோசில் அதைத் தானாக மாற்றும், அதனால் ஒரு எழுத்தும் மாறாத கோப்புக்கும் கைரேகை வேறுபடும். சில கோப்புகளின் தலைப்பில் சப்வெர்ஷன் தானாக எழுதுகிற திகதி வரி இருந்தது, அதுவும் வேறுபட்டது. தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்குப் பதில் கிட் திரையில் சாய்கோடும் எண்களுமாகக் காட்டியபோது ஒரு டீச்சர் பயந்தே போனார். அது காட்டும் விதம் மட்டுந்தான், ஒரு அமைப்பை மாற்றினால் தமிழ் தெரியும். "நோன்பு" என்று தொடங்கும் ஒரு கோப்பு இரண்டு தடவை தெரிந்தது. ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், பிரித்து இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஆப்பிள் கணினி பாவிக்கிறவர்கள் இருக்கிற குழுவில் இது வரும்.

ஆனால் ஒன்று பாதகமானது. விஞ்ஞானப் புள்ளித்திட்டமொன்றில் பல்தேர்வு விடை ஒன்று பிழை என்று ஒரு ஆசிரியை முத்திரை குத்திய பிறகு கண்டுபிடித்து, அந்த முத்திரைக் கோப்புறைக்குள்ளேயே திருத்தியிருந்தார். முன்னர் சொன்ன அதே இடம். புதியதில் முத்திரை சுட்டியது திருத்தத்துக்கு முந்திய நிலையை. பழைய பெட்டியைத் தூக்கியிருந்தால், பிழையான விடைதான் "இறுதி" என்ற முத்திரையோடு எங்களிடம் மிஞ்சியிருக்கும். அடுத்த வருடம் யாராவது அதை அச்சடித்து முப்பது நாற்பது பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார்கள். சரியாக எழுதிய பிள்ளைக்குப் புள்ளி போயிருக்கும், அந்தப் பிள்ளை தான் படித்தது பிழை என்று நினைத்திருக்கும்.

இன்னொன்று, கணினியைப் பொறுத்தவரை பிழையே அல்ல. ஆரம்ப வருடங்களின் பதிவுகளில் பெரும் பங்கு ஒரு மூன்றெழுத்துப் பயனர் பெயரில் இருந்தது. இப்போதைய ஆசிரியர் பட்டியலில் அப்படி ஒருவர் இல்லை, ஆகவே மாற்றும்போது முழுப்பெயர் இல்லாமல் அந்த மூன்றெழுத்தாகவே போய் உட்கார்ந்துவிட்டது. மாற்றிய தம்பிக்கு அது யாரென்று தெரிய நியாயமில்லை. எங்களுக்குத் தெரியும். கணிதப் பாடக்குறிப்புகளின் அத்திவாரத்தைப் போட்டு, இரவு பதினொரு மணிக்கும் திருத்தம் அனுப்பி, இடையிலேயே மௌத்தாகிப்போன ஒரு சேர். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் இப்போது அதே குறிப்பில்தான் படிக்கிறார். முழுப் பெயரையும் போட்டு மறுபடி மாற்றச் சொன்னோம். இன்னொரு வார இறுதி போனது. போகட்டும்.

வரலாறு முழுவதையும் கொண்டுவரத்தான் வேண்டுமா, கடைசி நிலையை மட்டும் எடுத்தால் போதாதா என்று நியாயமாகவே கேட்டார்கள். போதும், சில இடங்களில் அதுதான் புத்திசாலித்தனமும்கூட. நிபந்தனை ஒன்றுதான்: பழையதை வாசிக்கக்கூடிய நிலையில் வைத்திருக்க வேண்டும். கடைசி நிலையை மட்டும் எடுத்துவிட்டுப் பழையதைக் குப்பைக்கு அனுப்புவதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

இப்போது பாமினிக்கு வருவோம். இந்தப் பதிவின் முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

எங்களிடம் உள்ள பழைய தமிழ்க் கோப்புகள் ஏராளம் பாமினி எழுத்துருவில் தட்டியவை. பாமினியில் உள்ளே இருப்பது தமிழே அல்ல, ஆங்கில விசைகள். அவற்றுக்கு மேலே தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றும்போது கோப்பின் ஒவ்வொரு எழுத்தும் மாறும், மாறத்தான் வேண்டும். ஆகவே கைரேகை ஒப்பீடு இங்கே ஒன்றுக்கும் உதவாது. முறைமை மாற்றும் வேலையையும் எழுத்துரு மாற்றும் வேலையையும் ஒரே தடவையில் செய்யக்கூடாது என்று நாங்கள் பிடிவாதமாக நிற்பது இதனால்தான். முதலில் உள்ளதை உள்ளபடி மாற்று, ஒப்பிடு, கையொப்பமிடு. அதற்குப் பிறகு எழுத்துருவை மாற்றி அதைத் தனிப் பதிவாக எழுது. இரண்டையும் கலந்தால், வித்தியாசம் வரும்போது எது எதனால் வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

எழுத்துரு மாற்றத்தில் அதிகம் அடிபடுவது எங்கள் ஆட்களின் பெயர்கள். பாமினியில் ஜ, ஸ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. ஷ சாய்கோட்டில், ஹ விசைப்பலகையின் இடது மேல் மூலைக் குறியில். ஈ என்பது சிறிதெனக் காட்டும் குறி, இணையப் பக்க மொழி அதைக் கட்டளையின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும், கவனமில்லாமல் ஏற்றினால் "ஈஸா" காணாமல் போவார். எல்லாவற்றையும் விட இ! பாமினியில் இ என்பது கமா. பெயர்ப் பட்டியலை எக்செலிலிருந்து கமாவால் பிரித்த கோப்பாக எடுத்து, அந்தக் கமாக்களை வைத்தே துண்டாக்குகிற ஒரு கருவியிடம் கொடுத்துப் பாருங்கள். இப்ராஹீம், இஸ்மாயில், இம்தியாஸ், இர்பானா எல்லோரும் முதலெழுத்தை இழந்து அடுத்த நிரலுக்குத் தள்ளப்படுவார்கள். பெயர் இருந்த இடம் காலி, பிறந்த திகதி இருந்த இடத்தில் பாதிப் பெயர், புள்ளி இருந்த இடத்தில் பிறந்த திகதி.

அடையாள அட்டை இலக்கத்தையும் விடவில்லை. பழைய தேசிய அடையாள அட்டையில் 9 இலக்கத்துக்குப் பிறகு வீ அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்து வரும். ஆவணம் முழுவதையும் பாமினி மாற்றிக்குள் போட்டால் வீ "ஏ" ஆகிறது, எக்ஸ் "ஓ" ஆகிறது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பிழைகள், ஆகவே பிடித்துவிடலாம். பிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்குத் தனி விசை கிடையாது, ள என்ற எழுத்தையே போடுவார்கள். மாற்றிய பிறகு மௌலவி "மெளலவி" ஆகிவிடுவார். இந்த வரியில் உள்ள இரண்டையும் பாருங்கள், எழுத்துருவைப் பொறுத்து உங்களுக்கு வித்தியாசமே தெரியாமல் இருக்கும். ஆனால் முதலாவது வேறு குறிகள், இரண்டாவது மெ, ள என்று வேறு குறிகள். நௌபர், நௌஷாத், பௌசியா, மௌஜூத் எல்லோருக்கும் இதே கதி. பட்டியலில் பெயர் கண்ணுக்கு இருக்கும், தேடினால் "இல்லை" என்று வரும். நிவாரணப் பட்டியலிலோ புலமைப்பரிசில் பட்டியலிலோ தேடிப்பார்த்துவிட்டு "உங்கட பேர் இல்லையே ராத்தா" என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு லேசு!

இதற்குப் பயந்து சிலர் "ெள" வருகிற இடமெல்லாம் ஔகாரமாக மாற்று என்று ஒரே கட்டளை கொடுத்துவிடுகிறார்கள். அப்போது மௌலவி சரியாவார், வெள்ளிக்கிழமையும் வெளிநாடும் நாசமாகும். இணையத்தில் "வௌிநாடு" என்று ஒரு விசித்திர எழுத்தோடு நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆக, அந்த எழுத்துச் சேர்க்கை வருகிற சொற்களையெல்லாம் கணினி பட்டியலிட்டுத் தரட்டும், எது ள, எது ஔ என்று தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து குறிக்கட்டும். வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு சொல்லை ஒரு தடவை தீர்மானித்தால் போதும், ஆயிரம் இடத்தில் வந்தாலும் கணினி பார்த்துக்கொள்ளும். அவ்வளவு பெரிய வேலையல்ல.

இதைப் பாடசாலைக் கோப்புகளோடு நிறுத்த எங்களுக்கு மனமில்லை. ஊரில் இப்போது எல்லாவற்றையும் கணினிக்கு ஏற்றுகிறார்கள், நல்ல விடயந்தான். 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையோரத்தில் கடதாசியில் மட்டும் இருந்தவை என்னவாயின என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களைக் கேட்டாலும் தெரியும், ஒரு துண்டுக் காகிதம் கையில் இல்லாமல் வயதையும் வாழ்ந்த இடத்தையும் நிரூபிப்பது எப்படியென்று. ஆகவே ஏற்றுங்கள். ஆனால் ஏற்றி முடித்தவுடன் சேர்வு இடாப்பை, மஹல்லாக் குடும்பப் பதிவேட்டை, ஜனாஸாப் பதிவை "இனி இது தேவையில்லை" என்று பழைய பேப்பர்காரருக்குக் கொடுக்கிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்று அலைகிற எத்தனை பேருக்குப் பாடசாலையின் அந்தப் பழைய இடாப்புத்தான் சாட்சியாக நின்றிருக்கிறது!

நேரமில்லை என்பார்கள். மாற்றுவதற்கு இரண்டு நாள் ஒதுக்கினால் ஒப்பிடுவதற்கும் இரண்டு நாள் ஒதுக்குவதுதான் எங்கள் கணக்கு. பணம் கொடுத்து வெளியாட்களிடம் செய்விக்கிற சங்கங்கள், மாற்றிய கோப்பை மட்டுமல்ல, ஒப்பீட்டு அறிக்கையையும் வாங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். எந்தெந்தக் கோப்பு வேறுபட்டது, ஒவ்வொன்றும் ஏன் வேறுபட்டது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும். "எல்லாம் சரி" என்று வாயால் சொல்வதற்குக் காசு கிடையாது.

எங்கள் பக்கத்தில் மிச்சமிருப்பது எழுத்துரு மாற்றம். இந்த விடுமுறையில் தொடங்குகிறோம். பாடக்குறிப்பு எழுதிய ஒவ்வொருவரும் தன்னுடைய கோப்புகளில் ஆகக் குறைந்தது பத்தைத் திறந்து, அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்து வாசித்துத் தரவேண்டும், முக்கியமாகப் பெயர்களும் எண்களும் வரும் இடங்களை. இளைப்பாறிய ஆசிரியர்களும் வந்தால் சந்தோசம், அவர்களுக்குத்தான் பழைய கோப்புகளின் கதை தெரியும். பாமினியில் தட்டிய வினாத்தாள், பெயர்ப் பட்டியல் ஏதும் பழைய பென் டிரைவிலோ சீடியிலோ வீட்டில் கிடந்தால் அப்படியே கொண்டு வாருங்கள். தயவுசெய்து நீங்களாக மாற்றிவிட்டுக் கொண்டுவர வேண்டாம், மாற்றினாலும் பழையதை அழிக்காமல் இரண்டையும் கொண்டு வாருங்கள்.